ஐந்தாவது ஜக்

எடைமேடை அண்ணி தான் சமைத்ததைத் தானே சாப்பிடுவதில்லை என்று குடும்பத்துக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பியதோடு நிற்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்கியது. முதல் வீட்டில் "அவ ஒரு வாய்கூடத் தொடறதில்லையாம்" என்று உள்ளே போய், அடுத்த வீட்டில் "அப்படி என்னத்தப் போட்டு ஆக்குறாளோ" என்று வெளியே வந்தது. மூன்றாவது வீட்டில் அதற்கு ஒரு காரணம் முளைத்தது: உடம்பு இளைக்க ஏதோ மருந்து குடிக்கிறாள். நாலாவது வீட்டில் அந்த மருந்தை விற்கும் கடையையே ஒருவர் கண்ணால் பார்த்திருந்தார்.

இவ்வளவு தூரம் நடந்து வந்த பேச்சைச் சரிபார்க்காமல் அனுப்பினால் அதற்கு மரியாதையாக இருக்காது.

முதலில் வீட்டுக்காரரைக் கேட்பதுதான் முறை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "சாப்பிடுவாளே" என்றார் உடனே. எப்போது என்று கேட்டதும், கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்த துணி நின்றது. "நாங்க சாப்பிட்டப்புறம்." பார்த்ததுண்டா? "பொண்டாட்டி சாப்பிடறத உத்துப் பாத்துட்டு உக்காந்திருந்தா நல்லாவாங்க இருக்கும்?" தெருவில் பாதிப் பேருக்குத் தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைத் தெரிய வைத்தவர் அவர். மூன்றடி தள்ளி நிற்கும் மனைவியின் தட்டு அவர் கண்ணில் பட்டதில்லை.

கல்லூரியில் படிக்கும் மகளைக் கேட்டால், "ருசி பாத்துப் பாத்தே வயிறு ரொம்பிடும்னு அம்மா சொல்வாங்க" என்றாள். ருசி பார்த்து நீ பார்த்திருக்கிறாயா? அவள் போனைப் பார்த்தாள்.

கடைசியில் பேச்சின் ஊற்று கொழுந்தன் மனைவியிடம் இருந்தது. "நான் யார்கிட்டயும் சொல்லலைங்க" என்று ஆரம்பித்தாள், அதிலேயே தெரிந்துவிட்டது. போன வருடம் ஆண்டுக்கடைசி விடுமுறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் சாப்பிட்டு அங்கங்கே சாய்ந்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு இவள் பின்பக்க பால்கனிக்குத் துணி எடுக்கப் போனாள். "அக்கா அங்க தனியா நின்னுட்டு, கருக வாட்டின ரொட்டியக் கடிச்சிட்டிருந்தாங்க. மொறுக்கு மொறுக்குன்னு. உள்ள அண்டா நிறைய கோழிக் குழம்பு இருக்கு! என்னைப் பாத்ததும் ரொட்டிய முதுகுக்குப் பின்னால ஒளிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு எப்படிங்க தூக்கம் வரும்?"

ஆகவே பேச்சு உண்மைதான், காரணம் மட்டும் பொய். உண்மையான காரணத்தைத் தெரிந்துகொள்ள சரக்கு யார்டுக்குப் போக வேண்டும்.

யார்டின் வாசலில் தரையோடு தரையாக ஓர் இரும்பு எடைமேடை. அதன் ஓரத்தில் ஆள் உயரக் கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் இருபத்து மூன்று வருடமாக அண்ணி. சரக்கோடு லாரி மேடை ஏறும். ஓர் எண் எழுதுவாள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும், இன்னோர் எண். கழித்தால் வருவது சரக்கு. தார்ப்பாய்க்குள் இருப்பது இரும்பா இலவம்பஞ்சா என்று அவள் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பொருளை நேரில் அறியாமலே அதைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது அவளுடைய தொழில். உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஆனால் அவள் உட்காருவதில்லை. கூண்டுக்குள் மூன்றடி நடக்க இடம் இருக்கிறது, அதில் நடப்பாள். லாரிக்காரர்கள், "மேடத்தையும் ஒருநாள் மேடையில நிறுத்திப் பாக்கணும், முள்ளு நிக்கவே நிக்காது" என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் போனது, போகும்போது நாக்கையும் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் காபி போட்டுக் குடித்தாள், சுடுதண்ணீர். தூள் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்து மாற்றி வாங்கினாள். அதுவும் சுடுதண்ணீர். மூன்றாவது தூளையும் திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர், "அம்மா, நான் வேணா கடைய மாத்திக்கட்டுமா?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சமையலறைக்கு வந்து ஒரு ஸ்பூன் உப்பை வாயில் போட்டாள். மணல். சர்க்கரை, அதுவும் மணல், கொஞ்சம் பெரிய மணல்.

மதிய உணவு இடைவேளையில் யாருக்கும் சொல்லாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "வரலாம். வராமலும் போகலாம். அவசரப்படாதீங்க" என்றார். அவள் அவசரமாக எழுந்து, அவசரமாகப் படி இறங்கி, இரண்டு மணி லாரிக்குக் கூண்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், மாமியார். அந்த அம்மாள் முப்பது வருடம் அந்தச் சமையலறையை ஆண்டவர். ஒருநாள் அவர் கையிலிருந்த கரண்டி லேசாக நடுங்கிற்று. யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எல்லாருக்கும் அன்பு பொங்கிவிட்டது. மறுநாள் அடுப்பருகில் இரண்டு பேர் உதவிக்கு நின்றார்கள். மறுவாரம் ஹாலில் ஒரு மெத்தை வைத்த நாற்காலி வந்தது. அடுத்த மாதம் அவர் மடியில் ஒரு கிண்ணம் பச்சைப் பட்டாணி. அதற்கப்புறம் இருந்த ஆறு வருடமும் அவர் பட்டாணி உரித்தார். தேவைக்கு மேல் உரித்தார். உரித்ததைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அண்ணி அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இந்தக் குடும்பத்தின் அன்பு எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளோ உட்காரத் தெரியாதவள்.

எனவே எடைமேடை வீட்டுக்கு வந்தது. கையகலத்தில் ஒரு சமையல் தராசு வாங்கினாள். அரைக் கிலோ உருளைக்கிழங்குக்கு ஆறு கிராம் உப்பு. ஒரு லிட்டர் குழம்புக்குப் பத்து. பழைய கைக்கணக்கை ஒவ்வொன்றாகத் தராசில் பிடித்து வைத்தாள். கொழுந்தன் வந்த அன்றே, "அண்ணி, இனிமே உங்களுக்குக் கிராம் அண்ணின்னு பேரு" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் தட்டைப் பார்த்தாள்.

வார நாட்கள் சமாளிக்கக்கூடியவை. ஆறு பத்துக்கு வீடு. ஆறு பதினைந்துக்கு அரிசி. திங்கள் முட்டை, செவ்வாய் பருப்பும் கீரையும், புதன் மீன், வியாழன் உருளைக்கிழங்கு, வெள்ளி மிச்சம் மீதி எல்லாம் ஒரே சட்டியில். ஏழரைக்குச் சாப்பாடு. பொரிவதைக் காது சொல்லும், கருகுவதைக் கண் சொல்லும். உப்பை மட்டும் யாராவது சொல்ல வேண்டும். அங்கேதான் இந்தக் குடும்பத்தின் இன்னொரு சிக்கல்.

இந்தக் குடும்பத்தில் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். எப்போதோ ஒருவர் கேரட்டில் மண் கடிபடுகிறது என்று சொல்லப்போய், இரண்டு வீடு ஐந்து வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்ததிலிருந்து இது சட்டம். வெந்தாலும் "நல்லா இருக்கு", வேகாவிட்டாலும் "நல்லா இருக்கு". உப்புக் கரித்தால் வாயைத் திறக்காமல் தண்ணீர் கேட்பார்கள். கூடவே ஜன்னலைப் பார்த்து, "என்ன வெயில்!" மழை கொட்டும் மாதத்திலும் அந்த வீட்டில் வெயில் அடித்திருக்கிறது.

அண்ணி அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும் முன் ஜக்கைத் தராசில் வைப்பாள், சாப்பிட்டபின் மறுபடி. மூன்று பேருக்கு அறுநூறு கிராம் குறைந்திருந்தால் சரி. தொள்ளாயிரத்தைத் தாண்டினால் கை தவறிவிட்டது. உப்புக் குறைந்தால் அதற்கு வேறு அடையாளம்: கணவரின் இடது கை மேஜை மேலிருக்கும் உப்பு டப்பாவை நோக்கித் தானாக ஊரும். இவ்வளவையும் பார்க்க வேண்டுமென்றால் உட்கார முடியாது. பரிமாறுவதுபோல் மேஜையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவர்கள் எழுந்தபின் ஏதாவது சத்தம் போடுகிற பொருளைத் தின்றாள்: வெள்ளரிக்காய், பச்சைக் கேரட், கருக வாட்டிய ரொட்டி. ருசிதான் இல்லை, சத்தமாவது இருக்கட்டும் என்று.

போன வருடத்து ரொட்டியைத் தவிர ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று; தைரியம் வந்துவிட்டது.

இந்த வருடம் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னால், குடும்பக் குரூப்பில் நாத்தனார் ஒரு செய்தி போட்டார். கணவருக்கு அக்கா, முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் பெரிய நர்ஸ். "இந்த வருஷம் சாப்பாடு வெளியே சொல்லிடலாமா? அவளும் கொஞ்சம் உக்காரட்டும்." ஒன்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன. பத்தாவது உயர்வதற்குள் அண்ணியின் பதில் வந்துவிட்டது: "வேண்டாம். நானே." குரூப்பில் அன்று முழுக்க யாரும் காலை வணக்கப் பூவைக்கூட அனுப்பவில்லை.

"உக்காரட்டும்" என்ற சொல்தான் அவளை இரவும் பகலும் அரித்தது. ரொட்டியைப் பார்த்த கதை பெரிய நர்ஸ் வரைக்கும் போயிருக்க வேண்டும். இந்த ஒரு விருந்தைச் சரியாகப் போட்டுவிட்டால் பேச்சு தானாகச் செத்துவிடும். போடாவிட்டால் மெத்தை வைத்த நாற்காலி.

விருந்து நாள். ஐந்து கிலோ கோழி, எண்பது கிராம் உப்பு. மூன்று தடவை நிறுத்தாள். பீன்ஸ் பொரியல். உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலத்துக்கு என்று தனியாக ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு உப்பில்லாமல் வேகவைத்து மூடி வைத்தாள். பதினொரு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் எதையும் கொறிக்கக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். பசித்த வாய்தான் ஒழுங்காகச் சாட்சி சொல்லும்.

இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டால் பதினொரு பேர் உட்காரலாம். அதனால் இரண்டு பந்தி. விருந்தன்று மேஜை மேல் உப்பு டப்பா கிடையாது. அது சமைத்தவளை அவமதிப்பதாகும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். ஜக் மட்டும்தான். தலைக்கு இருநூறு கிராம் என்றால் பதினொரு பேருக்கு ஒரு ஜக்கும் கொஞ்சமும். இரண்டு ஜக் என்றே வைத்துக்கொண்டாள்.

முதல் பந்தியில் கொழுந்தனும் பொடிசுகளும் மற்ற ஆண்களும். கணவர் பரிமாற, மகள் தண்ணீர் ஊற்றினாள்.

"நல்லா இருக்கு!" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது. இதற்கு மதிப்பில்லை.

பத்து நிமிடத்தில் மகள் வந்தாள். "அம்மா, இன்னொரு ஜக்."

ஐந்து நிமிடத்தில் மறுபடி. "அம்மா, தண்ணி."

"இது மூணாவதா?"

"ஆமா. சித்தப்பா மட்டும் நாலு டம்ளர்."

மூன்று ஜக். அண்ணி அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடந்தாள். எண்பது கிராம். மூன்று தடவை நிறுத்தோம். முதல் தடவை போட்டுவிட்டு இரண்டாவது தடவையும் போட்டுவிட்டோமா? உப்பு ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். போன வாரம் எவ்வளவு இருந்தது?

கூடத்தில் கொழுந்தன் குரல்: "என்னா வெயில்டா சாமி!"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மேகம் மூடியிருந்தது.

நாலாவது ஜக் போனது. பிறகு மகள் வெறும் ஜக்கோடு வாசலில் நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சாவது" என்றாள்.

அண்ணி கதவைச் சாத்தினாள். பாதி அண்டாக் குழம்பு இரண்டாவது பந்திக்கு இருந்தது. அதில் பெரிய நர்ஸ். இரண்டு லிட்டர் வெந்நீரைக் கவிழ்த்தாள். சாயங்காலத்து உருளைக்கிழங்கு அத்தனையையும் உடைத்துப் போட்டாள். உப்பை இழுத்துக்கொள்ளும். வறுவல் தீர்ந்திருந்தது, நல்ல வேளை. மிச்சம் பீன்ஸ். ஒரு கணம் நின்றாள். பிறகு பீன்ஸைச் சல்லடையில் கொட்டி, குழாயைத் திறந்து, ஓர் அலசு அலசினாள். சமைத்த பொரியலைக் குளிப்பாட்டியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இரண்டாவது பந்தி உட்கார்ந்தது. பெரிய நர்ஸ் மேஜையின் தலைப்பக்க நாற்காலியில். கொழுந்தன் மனைவி அவருக்குப் பக்கத்தில். "நீயும் உக்காரு" என்று பெரிய நர்ஸ் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இல்லக்கா, பரிமாற—"

"தம்பி பரிமாறுவான். உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தாள். கண் ஜக்கிலேயே இருந்தது. எல்லாரும் பிசைந்தார்கள். வாயில் வைத்தார்கள். அப்புறம், "நல்லா இருக்கு." "ரொம்ப நல்லா இருக்கு." ஜக் தளும்பத் தளும்ப அப்படியே நின்றது. ஒருவர் கைகூட அதைத் தொடவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். அண்ணியின் தோள் கீழே இறங்கிற்று. தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு தலைக்கு ஏற, அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியை அவள் கேட்டாள்.

"உப்பெல்லாம் சரியா இருக்காக்கா?"

பத்து வாயும் நின்றன. பெரிய நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். நாடி பார்க்கிற பார்வை.

"நீ ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லேன்."

மேஜையே அவள் கையைப் பார்த்தது. அண்ணி ஒரு கவளம் எடுத்து மென்றாள். மெத்தென்று ஏதோ; இளஞ்சூடாக ஏதோ. "சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பெரிய நர்ஸின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் கொழுந்தன் உள்ளே வந்தான். "அண்ணி, சோறு வேணாம், அந்தக் குழம்பு மட்டும் ரெண்டு கரண்டி" என்று தானே ஊற்றிக்கொண்டு, நின்றபடியே உறிஞ்சினான். உறிஞ்சியவன் கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது வேற குழம்பா அண்ணி? எங்களுக்குப் போட்டது ஆளையே தூக்குச்சு! இதுல என்ன, உப்பு லீவுல போயிருக்கா?"

குடும்பச் சட்டம் அந்த இடத்தில் உடைந்தது. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். ஒரே அண்டா, முதல் பந்திக்கு ஒரு ருசி, இரண்டாவதற்கு ஒன்று, சமைத்தவள் தின்றுவிட்டுச் சரியாக இருக்கிறது என்கிறாள். கொழுந்தன் மனைவியின் கண்ணில் போன வருடத்து ரொட்டி மறுபடி கருகியது. அண்ணி ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றார் பெரிய நர்ஸ். "எனக்குப் பிரஷர். நேத்தே போன் பண்ணி, என் பந்திக்கு உப்பக் குறைச்சிடுன்னேன். அவ பாவம், சொன்னபடி செஞ்சிருக்கா."

"ஒருத்தருக்குப் பிரஷர்னா பதினொரு பேருக்கும் பத்தியமா?" என்றான் கொழுந்தன்.

"தனித்தனியா ஆக்க அவளுக்கு எத்தனை கை? போடா, போய் உப்பு டப்பா எடுத்துட்டு வா."

கண்ணாடிக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னக்கா, எனக்குச் சொல்லவே இல்லையே! எவ்ளோ பிரஷர்?"

"நூத்தி அறுபது."

"மேலயா, கீழயா?"

"நடுவுல. சோத்தப் போடு."

உப்பு டப்பா சுற்றி வந்தது. எல்லாரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். பெரிய நர்ஸிடம் வந்தபோது மட்டும் நாலு கை அதைப் பிடுங்கிக்கொண்டது. அவர் அந்தக் குளித்த பீன்ஸைக் கடைசித் துண்டு வரைக்கும், உப்பில்லாமல், முகம் மாறாமல் தின்று முடித்தார்.

பிறகு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "எப்பருந்து?"

"ரெண்டு வருஷமா."

"டாக்டர்?"

"வரலாம், வராமலும் போகலாம்னார்."

"சரி, அது கெடக்கட்டும். குழம்புல ஏன் தண்ணி ஊத்தின?"

அண்ணி ஜக் கணக்கைச் சொன்னாள். ஐந்து ஜக் என்றதும் பெரிய நர்ஸ் சுவரில் சாய்ந்து சிரித்தார். சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அடி பைத்தியமே. உன் புருஷன் ரெண்டு கிலோ உப்புக்கடலை வாங்கி பால்கனியில ஒளிச்சு வெச்சிருந்தான். பதினோரு மணிலேருந்து முதப் பந்தி அத்தனையும் அங்கதான் நின்னு தின்னுச்சுங்க. உன் மகதான் காவல். அவனவன் தண்ணி குடிக்காம என்ன பண்ணுவான்? குழம்பு நல்லா இருந்துச்சாம்டி. சின்னவன் தட்டையே நக்கினான்."

"இந்த வீட்டுலயா? சாப்பாட்டுக்கு முன்னாடியா?" முதலில் வந்தது கோபம்தான். அப்புறம்தான் அண்டாவைப் பார்த்தாள். நன்றாக இருந்த குழம்பு. எண்பது கிராம் சரி. மூன்று தடவையும் சரி.

"நீங்களும் தின்னீங்களா?"

"ஒரு கைப்பிடி" என்றார் பெரிய நர்ஸ், குரலை இறக்கி. "தம்பிகிட்ட சொல்லிடலாம். எத்தனை நாள் ஜக்கைத் தூக்கிட்டு அலைவ?"

"வேண்டாம்கா. நாற்காலியில உக்கார வெச்சிடுவாங்க."

பெரிய நர்ஸ் கொஞ்ச நேரம் குழாயை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "அந்த நாற்காலிய அம்மாவுக்கு வாங்கிட்டு வந்ததே நான்தான்" என்றார். "மெத்தையும் நான்தான் தச்சேன்." கையைத் துடைத்தார். "சரி, என் வாயிலருந்து வராது. ஆனா இருபது பேருக்கு முன்னால உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கேன். சும்மா இல்ல. கடன்."

"எப்படித் திருப்பணும்?"

"தெரியல. கேப்பேன், அப்ப தா."

பொய் அங்கேயே முடிந்திருந்தால் கடன் சின்னதாகவே இருந்திருக்கும். ஆனால் இந்தக் குடும்பத்தின் அன்பு பெரிய நர்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. மறுநாளே அவருடைய மருமகள், வீட்டிலிருந்த ஊறுகாய் ஜாடியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கண்ணாடிக்காரர் பிரஷர் பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்தார். அதில் எப்போதும் நூற்று இருபதுதான் காட்டியது. "பாத்தீங்களா, உப்பு குறைச்சதும் இறங்கிடுச்சு!" என்று எல்லாரும் மகிழ்ந்து, இருக்கிற கொஞ்சத்தையும் குறைத்தார்கள். போகிற வீட்டிலெல்லாம் அவருக்குத் தனிக்கிண்ணம்.

தினமும் ஏழு மணிக்கு அண்ணியின் போன் அடித்தது. தராசில் வெங்காயமும் காதில் போனுமாக நிற்பாள்.

"இன்னிக்கு என்னக்கா?"

"பூசணிக்காய். தண்ணியில வெந்தது. தண்ணிக்கு இதவிட ருசி இருக்கும். இதையும் உன் கணக்குல ஏத்திக்கோ."

"ஏத்திட்டேன்."

இரண்டாவது வாரம் கடனைத் திருப்பிக் கேட்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டி. உன் உருளைக்கிழங்கு வறுவல். ஒழுங்கா உப்பு போட்டு, ஒரே ஒரு தட்டு. அதோட கணக்கு நேர் ஆகிடும்."

வியாழக்கிழமை வரச் சொன்னாள். அன்று கூண்டில் ஒரு லாரியின் எண்ணை இரண்டு தடவை தப்பாக எழுதினாள். ஆறு பத்துக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அரைக் கிலோ. ஆறு கிராம். இரண்டு தடவை நிறுத்து, ஜாடியை மூடி, ஜாடியைத் தூக்கியே வேறு அறையில் வைத்தாள். ஓரம் சிவக்க, சத்தம் அடங்க இறக்கி, தனி டப்பாவில் போட்டு, மேலே ஒரு துணியும் போட்டாள். ஆறே முக்காலுக்குப் பெரிய நர்ஸ் படியேறி வந்து மேஜையில் உட்கார்ந்தார். கை கழுவி, தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் காத்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடிக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார். அக்கா வரப்போகிறாள் என்று மகள் போன் செய்திருந்தாள்.

"அக்காவுக்கா இது?" துணியை எடுத்தார். "உப்பு போட்டிருக்கியா?"

அண்ணி பதில் சொல்வதற்குள் அவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டார்.

"அடடா, சரியான உப்பு! பிரமாதம்! அக்காவுக்கு இது ஆகவே ஆகாது" என்றவர், டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அக்காவுக்குன்னு நான் பீர்க்கங்காய் வாங்கிட்டு வந்திருக்கேன். வேகவெச்சுக் குடு, சும்மா."

பத்து நிமிடத்தில் பீர்க்கங்காய் வந்தது. பெரிய நர்ஸ் அதைத் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் ஒருதரம் அண்ணியைப் பார்த்தார். எதிரே தம்பி டப்பாவின் மூலையை விரலால் வழித்தார். அன்று ஜக்கில் முந்நூறு கிராம்கூடக் குறையவில்லை.

அண்ணி படிவரைக்கும் கூட வந்தாள். ஒரு படி இறங்கினாள், இரண்டு படி இறங்கினாள், திரும்பி ஏறாமல் நின்றாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்கக்கா. அவர் கடையில இருப்பார்."

"என் மகன் கூடவே வருவான். லீவு நாள்ல தனியா விடறதில்ல. தலை சுத்தி விழுந்துடுவேனாம்."

"புதன்கிழமை? யார்டுக்கே வந்துடுங்க. கூண்டுல உக்காந்து சாப்பிடலாம்."

"அங்க யாரு உக்காருவா? நீயா?" பெரிய நர்ஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடுத்த வளைவில் தலை மறைந்தபின் குரல் மட்டும் மேலே வந்தது.

"கடன் அப்படியேதான் இருக்கு. மறந்துடாத."